எல்லிஸ் ஐலண்ட் மியூசியம்: லிபர்ட்டி சிலையோட திரும்பிடாதீங்க

நியூயார்க் வர்றவங்க நிறைய பேர் லிபர்ட்டி சிலைகிட்ட போட்டோ எடுத்துட்டு அதோட கிளம்பிடறாங்க, எல்லிஸ் ஐலண்ட்ல இறங்கறதே இல்ல. தயவுசெஞ்சு இறங்குங்க. ஃபெர்ரி டிக்கெட் ரெண்டு தீவுக்கும் சேர்த்துதான், ஆடியோ கைடும் அதுலயே அடக்கம், மியூசியத்துக்குன்னு தனியா காசு கிடையாது.

அமெரிக்காவுல குடியேற கப்பல்ல வந்தவங்கள பரிசோதிச்சு உள்ள விட்ட இடம் இது. 1892ல இருந்து 1954 வரைக்கும் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் இந்த தீவு வழியா அமெரிக்காவுக்குள்ள போயிருக்காங்க. முதல் வகுப்பு, ரெண்டாம் வகுப்புல வந்தவங்கள பெரும்பாலும் கப்பல்லயே பார்த்து அனுப்பிடுவாங்க, அடித்தட்டுல அடைஞ்சு வந்த ஏழைங்கதான் இங்க வரிசைல நிக்கணும். மாடிப்படி ஏறும்போதே யாருக்கு மூச்சு வாங்குது, யார் நொண்டறாங்கன்னு டாக்டருங்க கவனிச்சிட்டே இருப்பாங்களாம், சந்தேகம் வந்தா சட்டை மேல சாக்பீஸால ஒரு எழுத்து, எச்னு போட்டா இதயக் கோளாறு, எக்ஸ்னு போட்டா மனநிலை சரியில்லன்னு சந்தேகம். கண் நோய் இருக்கான்னு பார்க்க இமைய கொக்கியால புரட்டுவாங்க, அத படிக்கும்போதே நமக்கு கண்ணு கூசுது.

மேல ரெஜிஸ்ட்ரி ரூம்னு ஒரு பிரம்மாண்டமான ஹால். அங்க கொஞ்ச நேரம் பெஞ்சுல சும்மா உட்காருங்க. பெரும்பாலானவங்க சில மணி நேரத்துல பாஸ் ஆகி, ஊர்ல கேள்விப்பட்ட வேலையையும் கூலியையும் நம்பி சந்தோஷமா வெளிய போயிருக்காங்க. திருப்பி அனுப்பினது வெறும் 2 சதவீதம்தான்னு போட்டிருக்கு, ஆனா கணக்கு போட்டு பாருங்க, ரெண்டு லட்சத்துக்கும் மேல வருது, அதுல ஊர்ல நிலத்த வித்துட்டு வந்தவங்க எத்தனை பேரோ. சின்ன குழந்தைய வேணாம்னு சொல்லிட்டா அப்பாவோ அம்மாவோ கூடவே திரும்பி போகணும், மத்தவங்க இங்க. ஹால்ல இருந்து இறங்கற படில மூணு வழி, ஒண்ணு ரயிலுக்கு, ஒண்ணு மன்ஹாட்டன் படகுக்கு, நடுவுல இருக்கறது தடுத்து வைக்கற அறைக்கு. ஒரே கப்பல்ல வந்தவங்க, ஒரே படி, அங்கயே தலையெழுத்து பிரிஞ்சிருக்கு. இந்த மியூசியம் எனக்கு இவ்ளோ பிடிச்சதுக்கு காரணமே ஜெயிச்சவங்க கதைய மட்டும் சொல்லாம இதையும் பக்கத்துலயே வச்சிருக்கறதுதான்.

வீட்ல இருந்து கட்டிக்கொண்டு வந்த துணிமணி, சாமி புத்தகம், போட்டோவெல்லாம் ஒரு கேலரில இருக்கு, அத விட்டுடாதீங்க.

நம்ம ஆளுங்கள தேடினா ஏமாற்றம்தான். 1917ல அமெரிக்கா போட்ட குடியேற்ற சட்டம் ஆசியாக்காரங்கள்ல பெரும்பகுதிக்கு கதவ மூடிடுச்சு, 1946ல திறந்தப்பவும் இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர்தான், 1965 சட்டத்துக்கு அப்புறம்தான் நம்மவங்க நிறைய வர ஆரம்பிச்சாங்க, அதுக்குள்ள இந்த தீவையே மூடிட்டாங்க. ஆனாலும் விசா இன்டர்வியூல கவுண்டர் முன்னாடி ஃபைல கட்டிப்பிடிச்சிட்டு நின்னவங்களுக்கு இந்த ஹால் நல்லாவே புரியும்.

காலைல முதல் ஃபெர்ரிய பிடிங்க, ஏர்போர்ட் மாதிரி செக்கிங் இருக்கு, லேட்டா போனா வரிசைலயே பாதி நாள் போயிடும். மன்ஹாட்டன்ல ஃபெர்ரி கிளம்பற பேட்டரி பார்க் பக்கம் வேற படகுக்கு டிக்கெட் விக்கறவங்க கூப்பிடுவாங்க, தீவுல இறக்கி விடற அதிகாரப்பூர்வ ஃபெர்ரிதானான்னு பார்த்து வாங்குங்க. சீர் பண்ணாம அப்படியே விட்டிருக்கற பழைய ஆஸ்பத்திரி கட்டிடங்களுக்கு ஹெல்மெட் போட்டு கூட்டிட்டு போற டூர் தனி டிக்கெட், நடக்க முடிஞ்சா அதையும் போடுங்க. வயசானவங்க கூட வந்தா மெயின் பில்டிங் போதும், லிஃப்ட் இருக்கு.