முகக்கவசமா, காற்று வடிகட்டியா?

காற்றில் பரவும் தொற்றுக்கு இரண்டில் எது நல்லது என்று கேட்டால், நோயாளி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசுகிறார். அவர் விடும் மூச்சு, அறை மூலையில் ஓடும் வடிகட்டியைப் போய்ச் சேருமுன் உங்கள் மூக்கை எட்டிவிடும். அங்கே கைகொடுப்பது முகக்கவசம்தான். என்95 கவசம் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும், முகத்தோடு ஒட்டியிருந்தால். மூச்சு விடும்போது மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதா? மூக்கோரம் இடைவெளி இருக்கிறது, கம்பியை அழுத்தி விடுங்கள். அடர்ந்த தாடியும் இதே மாதிரி இடைவெளி விடும். அப்புறம், தயவுசெய்து கவசத்தைத் துவைக்காதீர்கள். இழைகளில் உள்ள நிலைமின்னூட்டம்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பு நீர் அதைப் போக்கிவிடும்.

ஹெப்பா (HEPA) எனப்படும் நுண்துகள் வடிகட்டி அதே அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் அந்தக் கணக்கு உள்ளே நுழைந்த காற்றுக்கு மட்டும். மணிக்கு 6 முறை அறைக்காற்றைச் சுத்தம் செய்தாலும், ஏற்கெனவே மிதப்பவற்றில் 99 சதவீதம் நீங்க சுமார் 46 நிமிடம் ஆகும்.

ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் கவசத்தை எடுப்பேன். சரி, தூங்கும்போது? சாப்பிடும்போது? வீட்டில் ஒருவர் நோயில் படுத்திருந்தால் இரவு முழுக்க உழைப்பது வடிகட்டிதான். அதை அவர் அறையிலேயே வையுங்கள், திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிக்காமல்.