ஃபீட் உண்டா, இல்லையா: இரண்டு கேம்பெயின் நடத்திப் பார்த்தபின்

டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பில் கேம்பெயின், அதாவது பல நாள் தொடரும் ஒரு கதை, தொடங்கும்போது அதை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிட வேண்டிய விஷயம், ஃபீட் (பாத்திரத்துக்குக் கிடைக்கும் தனித்திறமை) உண்டா இல்லையா என்பது. விதிப் புத்தகமான 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அது கட்டாய விதி இல்லை, மாஸ்டர் சரி என்றால்தான் உண்டு. நான் முதல் கேம்பெயினை ஃபீட் இல்லாமலும் இரண்டாவதை ஃபீட்டோடும் நடத்தினேன். இனி ஃபீட் இல்லாமல் நடத்த மாட்டேன்.

விதி எளிதுதான். பெரும்பாலான கிளாஸ்களுக்கு (ஃபைட்டர், விஸார்ட் போன்ற பாத்திர வகைகள்) 4, 8, 12, 16, 19 ஆகிய லெவல்களில் ஏதாவது ஒரு எபிலிட்டி ஸ்கோரில் (ஸ்ட்ரெங்த் போன்ற அடிப்படைத் திறன் எண்) 2 கூட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் இரண்டு ஸ்கோரில் ஒவ்வொன்று. ஃபீட் உண்டு என்றால், அந்தக் கூட்டலை விட்டுவிட்டு ஒரு தனித்திறமையை எடுத்துக்கொள்ளலாம்.

வேண்டாம் என்பதற்கான காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. புது ஆட்டக்காரர்களுக்குப் படிக்க வேண்டியது குறையும், ஒவ்வொருவர் முறையும் சீக்கிரம் முடியும். முதல் கேம்பெயினில் நான்கு பேருமே புதியவர்கள், அதனால்தான் வேண்டாம் என்றேன். முதல் மூன்று லெவலுக்கு அது நல்ல முடிவாகத்தான் இருந்தது.

நான்காவது லெவலில்தான் சிக்கல் தெரிந்தது. என் தங்கை ஃபைட்டர் (ஆயுதச் சண்டைக்காரர்) ஆடினாள், அதிலும் சாம்பியன், லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்க அநேகமாக எதுவும் இல்லாத வகை. அன்று விஸார்ட் (மந்திரவாதி) ஆடிய நண்பர் இரண்டு புது மந்திரங்களைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். தங்கை ஸ்ட்ரெங்த் 16 என்பதை அழித்து 18 என்று எழுதிவிட்டு, “அவ்வளவுதானாண்ணா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். ஆறாவது லெவலில் ஃபைட்டருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வாய்ப்பு வரும், அதில் 18 என்பது 20 ஆனது. 20-க்கு மேல் ஏற்ற முடியாது. எட்டாவது லெவலில் வேறு வழியில்லாமல் கான்ஸ்டிட்யூஷனில் (உடல் உறுதி) போட்டாள். ஃபைட்டருக்கு மொத்தம் ஏழு முறை இந்த வாய்ப்பு வருகிறது, வேறு எந்தக் கிளாஸுக்கும் இத்தனை இல்லை. அந்தக் கிளாஸுக்கான சன்மானமே இதுதான். ஃபீட்டை எடுத்துவிட்டால் அந்த ஏழில் இரண்டுக்குப் பிறகு மிச்சமெல்லாம் சும்மா எண்ணைத் திருத்துகிற வேலை. விஸார்டுக்கு நஷ்டம் பெரிதாக இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு லெவலிலும் அவருக்குப் புது மந்திரம் வந்துகொண்டே இருக்கும். ஆக, ஃபீட் வேண்டாம் என்று சொல்லும்போது எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வது போலத் தோன்றினாலும், அடி ஏறக்குறைய முழுவதும் கத்தி பிடிப்பவர் தலையில்தான் விழுகிறது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இரண்டாவது கேம்பெயினில் அவள் மறுபடியும் ஃபைட்டரே எடுத்தாள், நான்காவது லெவலில் சென்டினல் ஃபீட். ஒரு ஓகர் (ராட்சதன்) அவளைத் தாண்டி விஸார்டிடம் ஓடப் பார்த்தது. அவள் ரியாக்‌ஷனில் (அடுத்தவர் முறையில் கொடுக்கும் பதிலடி) அடித்தாள், பட்டது, ஓகரின் வேகம் அந்த முறை முழுக்கப் பூஜ்ஜியம், நின்ற இடத்திலேயே நின்றது. அடி எத்தனை பாயின்ட் என்பது யாருக்கும் நினைவில்லை, ஆனால் அதற்கப்புறம் குழு எங்கே போனாலும் வாசலில் அவள்தான் நிற்பாள் என்று ஆகிவிட்டது. ஸ்ட்ரெங்த் 18 அவளுக்கு இதைத் தந்திருக்காது.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு, கனமான ஆயுதத்துக்கான கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட். அடிக்க உருட்டும் பகடை எண்ணில் 5 குறைத்துக்கொண்டு சேதத்தில் 10 கூட்டலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்காவது லெவல், கிரேட்சோர்டு (இருகை வாள்), ஸ்ட்ரெங்த் 16, எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி படப் பகடையில் எட்ட வேண்டிய எண்) 13 என்றால் (கிரிட்டிகல் எனும் கூடுதல் அடியைச் சேர்க்காமல்) ஃபீட்டோடு ஒரு வீச்சுக்குச் சராசரி சேதம் 8. ஃபீட்டுக்குப் பதில் ஸ்ட்ரெங்த்தை 18 ஆக்கியிருந்தால் 7.7. பெரிய வித்தியாசம் இல்லை, ஆர்மர் கிளாஸ் 16 என்றால் ஃபீட்தான் பின்தங்குகிறது. ஆனால் அட்வான்டேஜ் (பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுப்பது) கிடைத்துவிட்டால் அதே 13-க்கு எதிராக 12.8, ஸ்ட்ரெங்த் 18-ல் 10 மட்டுமே. எப்படியாவது அட்வான்டேஜ் வாங்கிவிடுகிற குழுவில் இது மற்றவர்களைச் சும்மா உட்கார வைத்துவிடும். வில்லுக்கு ஷார்ப்ஷூட்டரும் அப்படித்தான், எங்கள் வில்லாளி அதை எடுத்த பிறகு நான் எதிரிகளின் உயிர்ப் பாயின்ட்டை ஏற்றத் தொடங்கினேன், அது மற்ற மூவருக்கும் நான் செய்த அநியாயம். பிறகு உட்கார்ந்து பேசி இரண்டு ஃபீட்டிலும் அந்த 5-க்கு 10 பேரத்தை மட்டும் எடுத்துவிட்டோம், மீதி அப்படியே இருக்கிறது.

2024 பதிப்பும் அதை எடுத்துவிட்டது. அதில் ஃபீட் விருப்ப விதியே இல்லை, பேக்கிரவுண்டோடு (பாத்திரத்தின் பின்னணி) சேர்ந்து முதல் லெவலிலேயே எல்லாருக்கும் ஒன்று வந்துவிடுகிறது. நான் அதில் மூன்று நாள்தான் ஆடியிருக்கிறேன், புதியவர்களுக்கு முதல் நாளே அது சுமையாகுமா என்று இப்போது சொல்ல முடியாது. பத்தாவது லெவலுக்கு மேலும் எனக்கு அனுபவம் இல்லை, அங்கே ஆடியவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

முழுக்கப் புதியவர்களோடு தொடங்குபவர்கள் முதல் மூன்று லெவலுக்கு ஃபீட் பேச்சையே எடுக்க வேண்டாம். வேரியன்ட் ஹியூமன் (மனிதப் பாத்திரத்தின் மாற்று வகை) மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதற்கு முதல் லெவலிலேயே ஃபீட் உண்டு. நான்காவது லெவல் வரும் வாரம் ஆளுக்கு மூன்று ஃபீட்டைத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள், ஃபைட்டருக்கு முதலில்.