நாய்ப் பயிற்சி என்ற பெயரில் 18,000 ரூபாய் போயிற்று: நாய் வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டுக்கே பயிற்சியாளரை அனுப்புவதாக விளம்பரம் செய்யும் ஒரு செல்லப்பிராணிச் செயலியில் கட்டிய 18,000 ரூபாயில் ஒரு பைசாவும் திரும்பி வராது என்று நேற்று உறுதியாகிவிட்டதால், இந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

எங்கள் லாப்ரடார், சாப்பிடும்போது தட்டில் கை வைத்தாலும் உறுமாது. ஆனால் தெருமுனையில் நிற்கும் நாய்கள் குரைத்துவிட்டால், அவற்றை நோக்கிப் பாய்ந்து, கயிறு தடுத்ததும் அதே வேகத்தில் திரும்பி, பிடித்திருப்பவரின் கெண்டைக்காலையோ உடன் வரும் எங்கள் நாட்டு நாயையோ கவ்விவிடும். இது வன்மம் அல்ல, எட்ட முடியாத இலக்கின் மீதிருந்த ஆத்திரம் அருகில் இருப்பவர் மேல் திரும்புகிறது என்று கால்நடை மருத்துவர் விளக்கி, காதிலும் இடுப்பிலும் வலி இல்லை என்பதைப் பரிசோதித்த பிறகு, பயிற்சிக்குப் போகச் சொன்னார்.

செயலி அனுப்பிய மூத்த பயிற்சியாளர் வந்ததும் தரையில் அமர்ந்தார், தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பொறுமையாகப் படித்தார், நாயும் அவர் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டது. அந்த ஒரு காட்சிக்குத்தான் 18,000 ரூபாய் கொடுத்தோம் என்று இப்போது தோன்றுகிறது. "ஒரே மாதத்தில் கடிப்பதை நிறுத்திக் காட்டுகிறோம் சார், எழுதியே தருகிறோம்; ஆனால் இன்றே கட்டினால்தான் இந்தத் தொகை" என்றார். பணம் அவர் கண்ணெதிரே போனது. எழுத்து வரவே இல்லை.

வகுப்புக்கு வந்தவர் வேறொரு இளைஞர். உட்புறம் கம்பி முட்கள் கொண்ட கழுத்துச் சங்கிலியை மாட்டி, இரண்டு நாய்களையும் ஒன்றாகவே அழைத்துச் சென்று, குரைக்கும் தெருநாய்களுக்கு மிக அருகில் நிறுத்திச் சுண்டிச் சுண்டி இழுத்தார். வலியும் வெறியும் சேர்ந்த நாய் திரும்பி, நாட்டு நாயின் காதைக் கிழித்துவிட்டது; தையல் போட வேண்டியதாயிற்று. பரிசு கொடுத்துப் பழக்கும் முறைகளையே பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2021இலேயே அறிவித்திருக்கிறது. அதை எடுத்துச் சொன்னதற்கு, "முதலில் இப்படித்தான் இருக்கும், உங்கள் மேல் அதற்குப் பயமே இல்லை" என்று பதில் வந்தது.

அதன்பின் நடந்ததெல்லாம் தட்டிக்கழிப்புதான். மூத்தவர் அழைப்பை எடுப்பதில்லை. வாடிக்கையாளர் சேவையோ, பயிற்சி தொடங்கிவிட்டால் பணம் திரும்பாது என்ற ஒரே வாக்கியத்தைப் பெயர் மாற்றி மாற்றி அனுப்பியது. கிழிந்த காதின் படத்துக்கு, "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு பூங்கொத்துப் படம் வந்தது. 18,000 ரூபாய்க்கு அந்தப் பூங்கொத்துதான் மிச்சம்.

அடுத்தவர்களுக்காக விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. முழுத்தொகையையும் முன்பணமாகக் கட்டாதீர்கள். மூத்தவரே கடைசிவரை வருவாரா என்று கேளுங்கள். முட்சங்கிலியையோ மின்னதிர்ச்சிப் பட்டையையோ எடுத்தால் அப்போதே வெளியே அனுப்புங்கள். இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனியே கூட்டிச் செல்லுங்கள். எதிரில் நாய் தெரிந்தால், அது விறைப்பதற்கு முன்பே திரும்பி நடந்து, தின்பண்டம் கொடுங்கள். வாய் திறந்து மூச்சுவிட இடமுள்ள கூண்டு வாய்மூடியை வீட்டிலேயே மெல்லப் பழக்குங்கள். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். பணத்தை இழந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள்; நான் இன்று காலை பதிவு செய்துவிட்டேன்.