பந்தயம் பார்க்க பைனாகுலர் வாங்குவோர் கவனத்திற்கு

குதிரைப் பந்தயம், ரக்பி, கார்ப் பந்தயம் போன்ற வேகமான விளையாட்டுகளைப் பார்ப்பதற்காக பைனாகுலர் வாங்க நினைப்பவர்கள், கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சிங்கப்பூர் நகர மையத்திலுள்ள ஒரு கடைத்தொகுதியில், கேமராவும் மின்னணுப் பொருள்களும் விற்கும் ஒரு கடையில் என் அப்பாவுக்கு நேர்ந்தது, அவரைப் போன்ற மூத்தவர்கள் வேறு எவருக்கும் நேரக்கூடாது.

இங்குள்ள கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்த பிறகு, அப்பாவும் அவருடைய நண்பர்களும் கோலாலம்பூருக்குச் சென்று, சுங்கை பெசியிலுள்ள சிலாங்கூர் டர்ஃப் கிளப்பில் பந்தயம் பார்த்துவருகிறார்கள். அவருடைய பழைய பைனாகுலரின் உட்புறக் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்துவிட்டதால், புதியது ஒன்று தேவைப்பட்டது. எதற்காக வாங்குகிறோம் என்பதைக் கடைக்காரரிடம் தெளிவாகவே சொன்னோம். அவர் முதலில் 8×42 அளவுள்ள ஒன்றை மேசைமேல் வைத்து அப்பாவைப் பார்க்கச் சொன்னார். (முதல் எண், காட்சி எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது; இரண்டாவது, முன்கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பது.) அது நன்றாகவே இருந்தது. உடனே, “கோலாலம்பூர்த் திடல் பெரிது அங்கிள், எட்டு மடங்கெல்லாம் அங்கே போதாது” என்று சொல்லி, 30×60 என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட, சீல் வைத்த பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். விலை 268 சிங்கப்பூர் வெள்ளி. பிரித்துக் காட்டும்படி நான் கேட்டதற்கு, சீல் உடைந்தால் வாரண்டி செல்லாது என்றும், உள்ளே இருப்பது மேசைமேல் உள்ளதைச் செய்த அதே நிறுவனத்தின் புதிய மாடல் என்றும் உறுதியாகச் சொன்னார். ரசீதில் “பைனாகுலர் 1” என்று மட்டும் எழுதி, பணம் திருப்பித் தரப்படாது என்ற முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது அதன் பெரும்பகுதியை நுரைப்பஞ்சுதான் அடைத்திருந்தது. நடுவே, உள்ளங்கைக்குள் அடங்கும் மடக்கு பைனாகுலர் ஒன்று இருந்தது. நிறுவனத்தின் பெயரும் வேறு. 30×60 என்றால் முன்கண்ணாடியின் விட்டம் 60 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அடிக்கோலை வைத்து அளந்தேன். 22 மில்லிமீட்டர்தான் இருந்தது. பக்கவாட்டில், 1,000 மீட்டர் தொலைவில் 126 மீட்டர் அகலம் தெரியும் என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியே பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 1,000 மீட்டரில் 126 மீட்டர் என்பது ஏறத்தாழ 7.2 பாகை, அதை உண்மையிலேயே 30 மடங்கு பெருக்கினால், கண்ணுக்கு 216 பாகை அகலத்தில் காட்சி விரிய வேண்டும். மனிதக் கண்ணின் பார்வை வீச்சே அவ்வளவு கிடையாது. பெரும்பாலான பைனாகுலர்களில் கண்ணுக்கு விரியும் காட்சி 50 முதல் 65 பாகைக்குள் அடங்கிவிடும். ஆகவே அந்தக் கருவியின் உண்மையான பெருக்கம் எட்டு மடங்கு அளவில்தான் இருக்க முடியும். போதாது என்று சொல்லி ஒதுக்கிவைத்த எட்டையே, மட்டமான கண்ணாடியில் அடைத்து, 30 என்று பெயர் சூட்டி அப்பாவிடம் விற்றிருக்கிறார்.

முன்கண்ணாடிகள் மாணிக்கச் சிவப்பில் பளபளத்தன. பார்ப்பதற்கு உயர்ந்த பொருள்போலத் தோன்றும் இந்தப் பூச்சு, சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், உள்ளே தெரியும் காட்சியில் பச்சை சாயல் படிந்துவிடுகிறது. தாழ்வாரத்தில் நின்று எதிர் புளோக்கில் காயவைத்திருந்த சிவப்புத் துண்டைப் பார்த்தேன். அது மங்கிய பழுப்பாகத் தெரிந்தது. குதிரைப் பந்தயத்தில் இது சிறிய குறை அன்று. கூட்டமாக ஓடிவரும் குதிரைகளில் நம் குதிரை எது என்பதை, ஜாக்கி அணிந்திருக்கும் சட்டையின் நிறத்தையும் தொப்பியையும் வைத்துத்தான் தூரத்திலிருந்து கண்டுகொள்கிறோம். அந்த நிறத்தையே மாற்றிக்காட்டும் கருவி பந்தயத் திடலுக்கு எதற்கு? போதாக்குறைக்கு, இரண்டு குழாய்களும் ஒரே நேர்கோட்டில் பொருந்தவில்லை. சிறிது நேரம் பார்த்ததுமே அப்பாவுக்கு நெற்றிப்பொட்டு வலிக்கத் தொடங்கிவிட்டது. விலகி நிற்கும் இரண்டு படங்களை ஒன்றாக்கக் கண்கள் படும் பாடுதான் அந்த வலி.

அந்த 30 மடங்கு உண்மையாகவே இருந்திருந்தாலும் அது அப்பாவுக்குப் பயன்பட்டிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனெனில், இந்த ஏமாற்று வேலை முழுவதும், எண் பெரிதாக இருந்தால் பொருள் சிறந்தது என்ற நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது. பெருக்கம் கூடக்கூடக் காட்சியின் அகலம் சுருங்கும், கைநடுக்கமும் அதே அளவு பெருகும். கையில் பிடித்துப் பார்ப்பதற்குப் பத்து மடங்குக்கு மேல் போனால் காட்சி நிலையாக நிற்பதில்லை. உண்மையான 30 மடங்குக் கருவியில் 2 பாகை அளவுக்குத்தான் தெரியும் என்று வைத்துக்கொண்டால், 400 மீட்டர் தொலைவில் அது 14 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் குதிரை வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. அதாவது, ஒரு வினாடிக்குள் அது பார்வையைத் தாண்டிப் போய்விடும். கடைக்காரர் முதலில் காட்டிய 8×42 வகையில் ஏழரைப் பாகை தெரிந்தால், அதே தொலைவில் 52 மீட்டர் அகலம் கண்ணுக்குள் வரும். முன்னால் ஓடும் குதிரையோடு பின்னால் முந்திவரும் குதிரையையும் சேர்த்துப் பார்க்கலாம். தேசிய விளையாட்டரங்கில் ரக்பி பார்ப்பவர்களுக்கு 8×30கூடத் தாராளமாகப் போதும். மரினா பேயில் இரவில் நடக்கும் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு, பெருக்கம் ஏழு அல்லது எட்டிலேயே நின்று, முன்கண்ணாடி பெரிதாக இருப்பது நல்லது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும்; அது பெரிதாக இருந்தால் இருட்டில் காட்சி வெளிச்சமாகத் தெரியும்: 8×42இல் அது 5 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம், 30×60இல் வெறும் 2 மில்லிமீட்டர்.

மறுநாளே கடைக்குத் திரும்பிப் போனோம். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க இயலாது என்றார்கள். பிறகு, மேலும் 150 வெள்ளி கொடுத்தால் மேசைமேல் இருந்ததைத் தருவதாகச் சொன்னார்கள். அப்பா சோர்ந்துபோய் அதற்குச் சம்மதிக்கவிருந்தார். நான் தடுத்துவிட்டு, சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் ஆலோசனையைக் கேட்டேன். “பணம் திருப்பித் தரப்படாது” என்ற முத்திரையால் சட்டம் தரும் உரிமையைப் பறித்துவிட முடியாது. பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின்கீழ் நியாயமற்ற வர்த்தக நடைமுறையாகும். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த பழுதுப்பொருள் விதிகளின்படி, வாங்கிய ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும்; இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. கடைக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பியும் பதில் வராததால், சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இணையம்வழி மனு செய்தோம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம்; சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்; வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்பதால் அந்தச் செலவும் கிடையாது. அடிக்கோலோடு சேர்த்து எடுத்த படங்களையும் 126 மீட்டர் கணக்கையும் இணைத்திருந்தேன். விசாரணைக்கு முந்தைய கலந்தாலோசனையிலேயே கடைத் தரப்பு முழுத் தொகையையும் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

ஆகவே, சீல் உடைக்க மறுக்கும் கடையில் எதையும் வாங்காதீர்கள். உங்களுக்குத் தரப்போகும் அதே கருவியைக் கையில் வாங்கி, கடைக்கு வெளியே வந்து, எதிர்க் கட்டடத்தின் நேரான விளிம்பைப் பாருங்கள். பிறகு கருவியைக் கண்ணிலிருந்து மெல்லப் பின்னால் நகர்த்துங்கள். விளிம்பு இரண்டாகப் பிரிந்தால் குழாய்கள் பொருந்தவில்லை என்று பொருள். கையை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கிக் காட்டினால், பின்கண்ணாடியில் தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுண்டு சதுரம்போலத் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் பட்டகம் (பிரிசம்) மலிவானது என்று பொருள். கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றாமலே முழுக் காட்சியும் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழையது வாங்குவதாக இருந்தால், முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ஈரம் புகாத டிரை பாக்ஸ் பெட்டியில் வைக்காத கருவிகளுக்குள் நூல்நூலாகப் பூஞ்சை ஓடியிருப்பது அப்போது தெரிந்துவிடும்.

ரசீதில் நிறுவனத்தின் பெயர், மாடல், பெருக்கம், முன்கண்ணாடி விட்டம் ஆகிய நான்கையும் பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதச் சொல்லுங்கள். பெரியவர்கள் தனியாகக் கடைக்குப் போகிறார்கள் என்றால், இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி அவர்கள் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள்.