உப்புக் காற்றில் 6 லிட்டர் கேஸ் கீசர்: வாங்கலாமா, எங்கே மக்கர் பண்ணும்

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வீட்டுக்கும் சின்ன லாட்ஜுக்கும் இப்போது அதிகம் வாங்குவது நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் கேஸ் கீசர். இந்தக் கரைக்குக் கரண்ட் கீசரைவிட இதுதான் பொருத்தம் என்பது எங்கள் முடிவு. ஆனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒன்று, பெட்டி குளியலறைக்கு வெளியே தொங்க வேண்டும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து துடைக்க வேண்டும். இதற்கு மனமில்லை என்றால் விறகடுப்பு வெந்நீரே மேல்.

கரண்ட் கீசருக்கு இங்கே எதிரி தண்ணீர்தான். உவர்த் தண்ணீரில் காயில் மேல் சுண்ணாம்பு ஏறி, சூடு வெளியே போக வழியில்லாமல் காயிலே வெந்து போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போனால் வெந்நீரும் போச்சு. கேஸ் கீசருக்கு வேண்டியது இரண்டு பெரிய டார்ச் செல், மேலே டேங்கில் தண்ணீர், அவ்வளவுதான்.

கேஸ் செலவும் இங்கே குறைவு. டேங்க் தண்ணீர் 28 டிகிரியில் இருக்கும், குளிக்க 40 டிகிரி போதும். 20 லிட்டர் வாளிக்கு அந்த 12 டிகிரியை ஏற்ற ஏறத்தாழ 30 கிராம் கேஸ் பிடிக்கும். 14.2 கிலோ சிலிண்டரில் 450 வாளிக்கு மேல் கணக்கு வரும். ஊட்டியில் 15 டிகிரியில் வரும் தண்ணீருக்கு இதே வாளி இரண்டு மடங்கு குடிக்கும். அக்னி தீர்த்தத்திலும் கோயிலின் 22 தீர்த்தத்திலும் நனைந்து வருகிறவர்களுக்காக அறை நடத்துகிறவர்கள் வீட்டு சிலிண்டரை மாட்டக் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வைக்க வேண்டும்.

பெட்டியை எங்கே மாட்டுவது என்பதுதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முழு வேகத்தில் எரியும்போது இது மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கேஸ் எரிக்கும். ஒரு கிலோ எரிய 13 கன மீட்டர் காற்று வேண்டும். நாலுக்கு ஆறடி குளியலறை, எட்டடி உயரம் என்றால் உள்ளே இருப்பது ஐந்தரை கன மீட்டர்தான். கதவைச் சாத்திக் குளித்தால் 25 நிமிடத்தில் அந்த அறையின் மொத்தக் காற்றையும் அடுப்பு கேட்கும். அதற்கு வெகு முன்பே காற்று மட்டுப்பட்டு, கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரத் தொடங்கும். அதற்கு மணமில்லை. தலைவலி, கிறுகிறுப்பு என்று தொடங்கி ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். சின்ன ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ இருந்தால் போதும் என்று கடையில் சொன்னால் கேட்க வேண்டாம். வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விட வேண்டும். வெளியே மாட்டினாலும் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே கூடாது.

எந்தச் சுவர் என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வெந்நீர் அதிகம் தேவைப்படும் மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். அதற்கு முகம் கொடுத்து மாட்டினால் சுடர் அலைந்து அணையும், உப்பும் நேரே பர்னரில் வந்து ஒட்டும். தெற்கு அல்லது மேற்குச் சுவரில், தாழ்வாரத்துக்குக் கீழே மாட்டுவது நல்லது. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் மாதங்களில் கீசருக்கு வேலை குறைவு. அப்போது தண்ணீர் புகாத பையால் மூடி வைத்துவிடலாம். கேஸ் வால்வை அடைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். சிலிண்டரைப் பள்ளமான இடத்தில் வைக்கக் கூடாது. இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும்.

இனி மக்கர். வாங்கியவர்கள் சொல்லும் புகாரில் பெரும்பகுதி ஒன்றுதான்: குழாயைத் திறந்தால் பற்றுவதில்லை. இதற்குப் பெரும்பாலும் கேஸ் காரணமில்லை. தண்ணீரும் செல்லும் உப்பும்தான். உள்ளே நடப்பது இது. தண்ணீர் ஓடும்போது டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு உப்பி ஒரு சின்னக் கம்பியைத் தள்ளும். கம்பி மைக்ரோ சுவிட்சை அழுத்தும். ஸ்பார்க் டிக்டிக் என்று அடிக்கும், சோலினாய்டு வால்வு கேஸைத் திறக்கும். சுடர் பற்றியதை உணர்கம்பி கண்டுகொண்டால் வால்வு திறந்தே இருக்கும். இல்லையென்றால் சில நொடியில் மூடிக்கொள்ளும். ஆகவே காதைக் கொடுத்துக் கேட்டாலே பாதி நோய் தெரியும்.

டிக்டிக் சத்தமே இல்லையா? முதலில் செல். பெட்டியின் அடியில் செல் மூடியைக் கழற்றிப் பாருங்கள். இந்தக் கரையில் ஆறு மாதம் ஆன கீசர் என்றால் ஸ்பிரிங்கில் நீலப்பச்சைப் பூப்பு பிடித்திருக்கும். எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, மேலே மெல்லிசாக வாசலின் தடவுங்கள். இரண்டு செல்லும் சேர்ந்து ஸ்பார்க் அடிக்கும்போது 2.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது வீண்.

செல் சரியென்றால் அடுத்தது தண்ணீர் வேகம். ஒரு வாளியை வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். இரண்டரை லிட்டருக்குக் கீழே வந்தால் டயாஃப்ரம் கம்பியைத் தள்ளாது. இந்த ஊர் ஒற்றைத் தள வீடுகளின் பெரிய குறை இதுதான். பத்தடி மாடியில் டேங்க், தரையிலிருந்து ஐந்தடியில் கீசர் என்றால் வித்தியாசம் ஒன்றரை மீட்டர். பெரும்பாலான பெட்டிகள் கேட்பது இரண்டரை மீட்டர். டேங்கை ஒரு மீட்டருக்கு மேல் கட்டை கட்டி ஏற்றினாலே பல கீசர்கள் புதுசு போல வேலை செய்யும். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நுழைவாயிலில் இருக்கும் சல்லடையைக் கழற்றி மணலைத் தட்டுங்கள், ஷவர் துளைகளையும் பாருங்கள்.

தண்ணீர் நன்றாக வந்தும் சத்தமில்லை என்றால் டயாஃப்ரம். கம்பி வெளியே வரும் துளையில் வெள்ளை உப்பு கட்டியிருக்கும், சில சமயம் ஒரு சொட்டு நீரும் நிற்கும். சொட்டு நின்றால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போயிற்று. சொட்டில்லாமல் கம்பி அசையவில்லை என்றால் ரப்பர் கிழிந்திருக்கலாம். இதே உப்பு கம்பியைத் திறந்த நிலையிலும் சிக்க வைக்கும். அது இன்னும் மோசம். குழாயை மூடிய நொடியில் சுடர் அணைய வேண்டும். அதன் பிறகும் எரிந்தால் உடனே கேஸ் வால்வை அடைத்துவிடுங்கள். தண்ணீர் ஓடாமல் எரிந்தால், தண்ணீரைச் சூடாக்கும் செம்புக் குழாய்ச் சுருளான காயிலிலேயே ஓட்டை விழும்.

டிக்டிக் அடிக்கிறது, பற்றவில்லை. சிலிண்டர் மாற்றிய கையோடு என்றால் குழாயில் காற்று நிற்கிறது; நாலைந்து தடவை தண்ணீரைத் திறந்து மூடினால் வந்துவிடும். சமையலடுப்பு எரிகிறது, கீசர் பற்றவில்லை என்றால் சிலிண்டர் தீரப்போகிறது; கீசருக்குக் கேஸ் அதிகம் வேண்டும் என்பதால் அதுதான் முதலில் படுக்கும். இரண்டும் இல்லையென்றால் கேஸை அடைத்துவிட்டு, இருட்டில் முன்மூடியைக் கழற்றித் தண்ணீரைத் திறந்து பாருங்கள். நீலப் பொறி பர்னர் முனையில் விழாமல் வயர் ஓரமாகத் தகட்டுக்குத் தாவினால், வயர் உறையில் உப்பும் ஈரமும் ஏறியிருக்கிறது. துடைத்துக் காயவைத்தாலே சரியாகும். முனைக்கும் பர்னருக்கும் இடைவெளி மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இருக்கட்டும். அதிகமானால் கேஸ் சேர்ந்து ‘டப்’ என்று வெடித்துப் பற்றும்.

பற்றி, சில நொடியில் அணைந்தால் உணர்கம்பிதான். கரி படிந்த கம்பியை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் அணைவது கோளாறே இல்லை. டேங்க் தண்ணீர் ஏற்கெனவே நல்ல சூட்டில் இருப்பதால் சூட்டுக் காப்பு வெட்டுகிறது. கேஸ் குமிழைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டுங்கள். 20 நிமிடத்தில் தானே நிற்கும் மாடல்களும் உண்டு, அதுவும் கோளாறில்லை.

சுடர் மஞ்சளாக எரிந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். கேஸ் வரும் நுண்துளையான ஜெட்டிலோ காற்றுத் துளையிலோ சிலந்தி வலை, மணல் அடைத்திருக்கும். புகைக்கரி ஏற ஏற விஷவாயு கூடும். ஜெட், வால்வு, கேஸ் குழாய் ஆகிய மூன்றையும் மெக்கானிக்தான் தொட வேண்டும். கசிவு பார்ப்பது மட்டும் சோப்பு நுரையால், தீக்குச்சி கூடாது. ஆரஞ்சு ரப்பர் டியூபுக்கு ஐந்து வருடம்தான் ஆயுசு. அதன் மேலேயே தேதி அச்சடித்திருக்கும்.

வெந்நீர் மெல்ல மெல்லக் குறைந்தால் காயிலுக்குள் சுண்ணாம்பு. கேஸை அடைத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து முக்கால் மணி நேரம் உள்ளே நிற்கவிட்டு, நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி விடுங்கள். உவர் போர்த் தண்ணீர் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. காவிரித் தண்ணீர் வரும் வீட்டில் வருடத்துக்கு ஒரு தடவை போதும்.

கடையில் பார்க்க வேண்டியவை: கேஸ் கீசருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15558 முத்திரை, பெயின்ட் அடித்த தகட்டுக்குப் பதில் எவர்சில்வர் உடல், செம்பு காயில், சுடர் அணைந்தால் கேஸை அடைக்கும் காப்பு. ஐயாயிரம் ரூபாய் வட்டாரத்தில் கிடைக்கும் பெட்டிகளில் தகட்டு உடல்தான் அதிகம். இங்கே இரண்டாவது மழையிலேயே ஓரம் துருவேறும். அதே மாடலுக்கான டயாஃப்ரம் ஒன்று, ஓ-ரிங் இரண்டு வாங்கும்போதே சேர்த்து எடுத்துவிடுங்கள். மார்கழி விடியற்காலையில் அது கிழிந்தால் ராமநாதபுரம் டவுனில் கடை திறக்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.