கேஜா, தராசா? பெங்களூரில் கார் ஏசிக்கு கேஸும் ஆயிலும்

மாலை ஆறு மணி, வெளியே 24 டிகிரி. ஜே.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் பானெட் திறந்து கிடக்கிறது, அழுத்தம் காட்டும் கேஜின் இரண்டு குழாயும் மாட்டியாயிற்று. "சார், ஹை சைடு 140தான் காட்டுது. இன்னும் கொஞ்சம் ஏத்திடட்டுமா?" என்று கேட்கிறார் மெக்கானிக். ஹை சைடு என்பது கம்ப்ரசர் கேஸை அமுக்கி அனுப்பும் பக்கம், லோ சைடு அது உறிஞ்சும் பக்கம். தலையாட்டினால் இன்னொரு 80, 100 கிராம் கேஸ் உள்ளே போகும். அன்று இரவு சில்க் போர்டு நெரிசலிலும் ஏசி ஜில்லென்றுதான் இருக்கும். மே மாதம் அதே கார் ஓசூர் தாண்டி, கிருஷ்ணகிரி இறங்கி, வேலூர்ப் பக்கம் 41 டிகிரி வெயிலில் சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடும், அப்புறம் வெறும் காற்று வரும். அங்கே இருக்கும் மெக்கானிக் "கேஸ் கம்மி" என்று சொல்லி இன்னும் ஏற்றினால் கதை முடிந்தது.

24 டிகிரியில் 140 பிஎஸ்ஐ (கேஜ் காட்டும் அழுத்த அளவு) என்பது குறையே அல்ல. நல்ல நிலையில் உள்ள ஏசியில், சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குள் கேஸ் திரவமாகும் வெப்பநிலை, வெளிக்காற்றைவிடச் சுமார் 20 டிகிரி கூடுதலாக இருக்கும். கார் ஏசிகளில் வழக்கமான ஆர்-134ஏ கேஸுக்கு 44 டிகிரி என்றால் 150 பிஎஸ்ஐயை ஒட்டி வரும், 60 டிகிரி என்றால் 230ஐ ஒட்டி. ஆக அந்த முள் காட்டியது பெங்களூரின் குளிர்ச்சியை. கேஸின் அளவை அது சொல்லவே இல்லை. கூடுதலாகப் போன கேஸ் கண்டென்சரின் அடிக்குழாய்களில் திரவமாகத் தேங்கி, சூட்டை வெளியேற்ற வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. சமவெளி வெயிலில், வண்டி நிற்கையில் அழுத்தம் எகிறி 30 பார் (சுமார் 435 பிஎஸ்ஐ) பக்கம் போனதும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். சுவிட்ச் சரியாக வேலை செய்தால் அவ்வளவோடு போயிற்று.

கேஜ் எதற்கு, தராசு எதற்கு

வீட்டு கேஸ் சிலிண்டர் நல்ல உதாரணம். 14.2 கிலோ நிறைந்திருந்தாலும் இரண்டு கிலோ மிச்சம் இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும். அளவு தெரிய வேண்டுமானால் தூக்கிப் பார்க்க வேண்டும், இல்லை நிறுக்க வேண்டும். கார் ஏசியும் அப்படியே. என்ஜின் நின்று, எல்லாம் ஆறி 25 டிகிரிக்கு வந்த வண்டியில் இரண்டு கேஜும் சுமார் 82 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 100 கிராம் இருந்தாலும் 600 கிராம் இருந்தாலும் அதே 82தான், திரவமாகக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்வரை.

ஓடும்போது பார்த்தால் தெரியாதா என்றால், கொள்ளளவு மாறாத பழைய கம்ப்ரசரில் ஓரளவு தெரியும். இப்போது பல கார்களில் இருப்பது தேவைக்கேற்பத் தன் கொள்ளளவைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்ரசர். அது லோ சைடை 28, 30 பிஎஸ்ஐ பக்கத்திலேயே பிடித்து வைக்கப் பார்க்கும். கால் பங்கு கேஸ் குறைந்திருந்தாலும் லோ கேஜ் நல்ல பிள்ளையாக நிற்கும். ஈரத்தை உறிஞ்சும் குடுவையான ரிசீவர் டிரையரின் தலையில் கண்ணாடி இருந்தால் அதில் குமிழி பார்ப்பது, ஆர்-12 என்ற பழைய கேஸ் காலத்துப் பழக்கம். ஆர்-134ஏ சரியான அளவிலும் குமிழி காட்டும், குமிழி மறையும்வரை ஏற்றினால் அதிகமாகிவிடும்.

கேஜைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நோயைக் கண்டுபிடிக்க அதைவிட்டால் வேறு வழியில்லை. லோ சைடு வேக்யூம் (வெற்றிடம்) பக்கம் இறங்கினால், கூலிங் காயிலுக்குள் கேஸை விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. லோ ஏறி ஹை இறங்கி இரண்டும் நெருங்கி நின்றால் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து ஏறி, கண்டென்சர்மேல் தண்ணீர் ஊற்றியதும் இறங்கினால் ஃபேனையோ கண்டென்சரில் அடைந்த தூசியையோ பார்க்க வேண்டும். ஆறிய வண்டியில் 25 டிகிரிக்கு 82ஐவிடக் கணிசமாக மேலே நின்றால் உள்ளே காற்று கலந்திருக்கிறது. இதெல்லாம் கேஜின் வேலை. எவ்வளவு போடுவது என்பது தராசின் வேலை, அதற்கான கணக்கு பானெட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. சிறிய கார்கள் பெரும்பாலும் 350 முதல் 500 கிராமுக்குள் அடங்கும், பின்வரிசைக்கும் தனி கூலிங் காயில் உள்ள ஏழு இருக்கை வண்டிகளில் அது ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ ஆகும். ஸ்டிக்கர் போய்விட்டால் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்கலாம். பக்கத்து வண்டியைப் பார்த்துப் போடக் கூடாது.

'டாப்-அப்' என்று கொஞ்சமாக ஏற்றுவதில் உள்ள ஓட்டையும் இதுவே. உள்ளே மிச்சம் எவ்வளவு என்று தெரியாமல் எத்தனை கிராம் சேர்ப்பது? மிச்சத்தை உறிஞ்சி எடுத்து, வேக்யூம் போட்டு, முழு அளவையும் நிறுத்துப் போடுவதுதான் கணக்குத் தெரிந்த வேலை. சந்திலேயே திறந்துவிடுவதை எடுப்பது என்று சொல்ல முடியாது. ஆர்-134ஏ கரியமில வாயுவைப்போல் 1,430 மடங்கு புவியைச் சூடாக்குவது. 400 கிராமைக் காற்றில் விட்டால் அரை டன்னுக்கும் மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம்.

டப்பா, சிலிண்டர், மெஷின்

கடையில் எளிதில் கிடைப்பது 450 கிராம் டப்பா. 380 கிராம் கேட்கும் காருக்கு 'ஒரு டப்பா' போட்டால் 70 கிராம் அதிகம். 520 கேட்கும் காருக்கு ஒன்று போதாது, இரண்டு மிக அதிகம். டப்பாவைச் சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்து, எடை குறைவதைப் பார்த்து நிறுத்தினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பட்டறையில் 13.6 கிலோ சிலிண்டர் இருந்தால் அதைத் தாங்கும் தராசு வேண்டும், 5 கிராமுக்கு ஒரு படி காட்டினால் போதும்.

குழாயையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் உள்விட்டமும் 1.8 மீட்டர் நீளமும் உள்ள குழாயில் திரவ கேஸ் நிறைந்திருந்தால் சுமார் 40 கிராம் அதிலேயே நிற்கும். 400 கிராம் வண்டிக்கு அது பத்தில் ஒரு பங்கு. முடிக்கும் நேரத்தில் சிலிண்டர் வால்வை முதலில் மூடி, கம்ப்ரசர் ஓட அந்தக் குழாயை லோ சைடு இழுத்துக்கொள்ள விட்டு, பிறகு கழற்ற வேண்டும்.

திரவமாக ஏற்றுவதென்றால் என்ஜினை நிறுத்தி ஹை சைடில். ஓடும் வண்டியில் லோ சைடு என்றால் டப்பாவை நிமிர்த்திப் பிடித்து ஆவியாக மட்டும். அவசரத்தில் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தால் திரவம் நேராகக் கம்ப்ரசருக்குள் போகும். திரவத்தை அமுக்க முடியாது, வால்வுத் தகடுகள்தான் உடையும். கேஸ் மெதுவாக இறங்கினால் வெதுவெதுப்பான தண்ணீரில், 40 டிகிரி அளவில், டப்பாவை நிற்க வைக்கலாம். கொதிநீர் வேண்டாம், தீயை நினைக்கவே வேண்டாம்.

எடுப்பது, வேக்யூம், நிறுப்பது எல்லாம் தானாகச் செய்யும் மெஷின் சுலபமானது. ஆனால் முந்தைய வண்டியின் ஆயில் அதன் குழாயில் மிச்சம் இருக்கும். ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. காரணம் கீழே ஆயில் பகுதியில்.

27க்கு மேல் ஏறாத முள்

சென்னையில் தொழில் பழகி இங்கே கடை போட்டவர்கள் முதலில் குழம்பும் இடம் இது. அங்கே நல்ல வேக்யூம் பம்ப் போட்டால், வெற்றிடத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும் லோ கேஜ் 29 அங்குலத்தைத் தாண்டும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல். இங்கே காற்றழுத்தமே குறைவு என்பதால் முழு வெற்றிடமும் கேஜில் 27 அங்குலத்தை ஒட்டித்தான் காட்டும். பம்ப் கெட்டுவிட்டது என்று சந்தேகிப்பதும், லீக் இருக்கிறது என்று ஒவ்வொரு ஜாயின்ட்டாக சோப்பு நுரை பூசுவதும் வீண்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. வேக்யூம் போடுவதே உள்ளே உள்ள ஈரத்தைக் கொதிக்க வைத்து வெளியேற்றத்தான். 25 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் பெங்களூரில் முள் கிட்டத்தட்ட 26 அங்குலத்தைத் தாண்ட வேண்டும். 25இல் நின்றால் காற்று போயிருக்கும், தண்ணீர் அப்படியே உட்கார்ந்திருக்கும். கேஜில் ஒரு மயிரிழைதான் வித்தியாசம், கண்ணால் பிடிக்க முடியாது. வெற்றிடத்தை நுணுக்கமாக அளக்கும் மைக்ரான் கேஜ் மாட்டி 500 மைக்ரானுக்குக் கீழே இறக்குவதே நம்பத் தகுந்தது. பழைய பிரிட்ஜ் கம்ப்ரசரைத் திருப்பி மாட்டி வேக்யூம் பம்ப் ஆக்கிக்கொண்ட கடைகளில் இந்த ஆழம் கிடைப்பது சந்தேகம். அரை மணி நேரமாவது ஓடட்டும். மழைக்காலத்தில் திறந்து கிடந்த சிஸ்டம் என்றால் ஒரு மணி நேரம், புது டிரையரோடு. பிறகு வால்வை மூடிப் பத்து பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும். முள் சரசரவென்று திரும்பினால் லீக். மெல்ல ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் அது ஈரம், இன்னும் பம்ப் ஓட வேண்டும்.

ஆயில்: 46ஆ, 100ஆ, எல்லாவற்றுக்கும் ஒன்றா

கேஸில் தப்பு செய்தால் மறுபடி எடுத்து நிறுத்துப் போடலாம். ஆயிலில் தப்பு செய்தால் கம்ப்ரசர் செலவு.

ஆர்-134ஏ வண்டிகளுக்குப் பெரும்பாலும் பிஏஜி என்ற செயற்கை ஆயில். 46, 100, 150 என்ற எண்கள் கெட்டித்தன்மை, 46 நீர்த்தது. எந்த எண் என்பதை முடிவு செய்வது கம்ப்ரசர், காரின் பெயர் அல்ல. கம்ப்ரசர் உடலில் ஒட்டிய தகட்டில் எழுதியிருக்கும். டென்சோ கம்ப்ரசரில் ஆர்-134ஏக்கு என்டி-ஆயில் 8 என்றும், சாண்டென் கம்ப்ரசரில் எஸ்பி-10 அல்லது எஸ்பி-20 என்றும் இருக்கும். எஸ்பி-10 என்பது 46 அளவு, எஸ்பி-20 என்பது 100 அளவு. 46 கேட்கும் இடத்தில் 150 ஊற்றினால் நுண்ணிய இடைவெளிகளுக்குள் ஆயில் நேரத்துக்குப் போகாது. 100 கேட்கும் இடத்தில் 46 ஊற்றினால் சூட்டில் படலம் அறுந்து உலோகம் உலோகத்தைத் தொடும்.

பிரிட்ஜுக்கு ஊற்றும் மினரல் ஆயிலை காரில் ஊற்றுவது தெரிந்தே செய்யும் கொலை. அது ஆர்-134ஏவில் கரையாது. கேஸோடு சுற்றி வராமல் கூலிங் காயிலில் போய்ப் படுத்துக்கொள்ளும், கம்ப்ரசர் காய்ந்து பிடிக்கும். 'யுனிவர்சல்' என்று விற்கும் பிஏஓ ஆயில் ஈரத்தை இழுக்காது, அது நல்ல குணம். ஆனால் ஆர்-134ஏவோடு சரியாகக் கலப்பதில்லை. தகட்டில் எண் தெளிவாக இருக்கும்போது அதை வாங்க ஒரு காரணமும் இல்லை. மின்சாரக் கம்ப்ரசருக்கு பிஓஇ என்ற வேறு வகைச் செயற்கை ஆயில், டென்சோவில் என்டி-ஆயில் 11. அங்கே மோட்டார் சுருளே ஆயிலில் நனைந்து கிடக்கிறது. பிஏஜி மின்சாரத்தைக் கசிய விடும், கொஞ்சம் கலந்தாலும் உயர் மின்னழுத்த இன்சுலேஷன் பழுது காட்டி வண்டி மக்கர் செய்யும். ஆகவே அந்தக் கார்களுக்குக் குழாய்களையே தனியாக வைத்திருக்கும் கடைதான் சரி.

அளவு எப்படி? கண்டென்சர் மாற்றினால் 30–40 மில்லி, கூலிங் காயிலுக்கு 40–50, டிரையருக்கு 10–20, ஒரு குழாய்க்கு 10 என்பது பொதுவான நடைமுறை. கம்ப்ரசர் மாற்றும்போதுதான் அதிகம் தவறு நடக்கிறது. புதுக் கம்ப்ரசர் பல நேரம் மொத்த சிஸ்டத்துக்கும் தேவையான ஆயிலோடு வரும், 120 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையதைக் கவிழ்த்து, கையால் சுற்றி வடித்து அளந்தால் 55 மில்லி வருகிறது. மீதி காயிலிலும் குழாய்களிலும் இருக்கிறது. எனவே புதியதில் 55 மட்டும் விட்டு மற்ற 65ஐ வடித்துவிட வேண்டும். அப்படியே மாட்டினால் கூலிங் காயில் உட்புறம் ஆயில் பூசிக்கொண்டு குளிர்ச்சி குறையும். மாட்டிய பின் என்ஜினை ஓட்டுவதற்கு முன் கிளட்ச் தட்டைக் கையால் பத்து சுற்று சுற்றினால் உள்ளே தேங்கிய ஆயில் விலகிவிடும்.

வடித்த ஆயில் கறுப்பாக, உலோகத்தூள் மினுமினுக்க வந்தால் புதுக் கம்ப்ரசர் மட்டும் போதாது. குழாய்களைக் கழுவலாம், இன்றைய தட்டைக் குழாய்க் கண்டென்சரைக் கழுவி எடுக்க முடியாது, அதையும் டிரையரையும் மாற்றத்தான் வேண்டும். பெட்ரோல் விட்டுக் கழுவும் வழக்கம் வேறு சில இடங்களில் இருக்கிறது. கேட்டதும் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

பிஏஜி ஈரத்தை உப்புபோல இழுக்கும். போன மாதம் திறந்த பாட்டிலில் மிச்சம் என்று மலிவாகத் தந்தால் வேண்டாம். சிறிய பாட்டிலாக வாங்கி, உங்கள் கண்முன் சீல் உடைக்கச் சொல்லுங்கள்.

மற்ற கேஸ்கள்

ஆர்-12 காலத்துப் பழைய வண்டியை ஆர்-134ஏக்கு மாற்றினால் பழைய அளவில் 80–90 சதவீதம் போதும். பழைய மினரல் ஆயிலை வடித்து, டிரையரை மாற்றி, பிஓஇ ஊற்றுவது பாதுகாப்பு. புரொப்பேன், பியூட்டேன் கலந்த மாற்று கேஸ் நன்றாகவே குளிர்விக்கும், ஆனால் தீப்பிடிக்கும். கூலிங் காயில் டாஷ்போர்டுக்குள் இருக்கிறது என்பதை நினைத்தால் எவ்வளவு மலிவானாலும் தொட மனம் வராது. பழைய வீட்டு ஏசிகளின் ஆர்-22 காருக்கு ஆகாது. 40 டிகிரியில் ஆர்-134ஏ 133 பிஎஸ்ஐ, ஆர்-22 சுமார் 208. புதிய கேஸான ஆர்-1234ஒய்எஃப் ஸ்டிக்கரில் இருந்தால் அதையேதான் போட வேண்டும். விலை கடிக்கும், ஆயிலும் வேறு, டென்சோவில் என்டி-ஆயில் 12.

போலி கேஸ் பற்றி ஒரு வார்த்தை. 2011இல் கப்பல் குளிர்பெட்டிகள் சில வெடித்து ஆட்கள் இறந்தார்கள். உள்ளே இருந்தது ஆர்-134ஏ என்ற பெயரில் வந்த, மெத்தில் குளோரைடு கலந்த கேஸ். அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். கார் ஏசியிலும் கண்டென்சர், கூலிங் காயில் எல்லாம் அலுமினியம்தான். கலப்படக்காரர்கள் அழுத்தம் அசலை ஒட்டி வரும்படி கலப்பதால் கேஜ் இதைக் காட்டிக்கொடுக்காது. சீல் உடையாத டப்பா, பேட்ச் எண், பில் மூன்றையும் பாருங்கள். அந்த பில்லிலேயே "எத்தனை கிராம் போட்டீங்கண்ணே, என்ன ஆயில், எத்தனை மில்லி?" என்று கேட்டு எழுதி வாங்கிவிட்டால், அடுத்த முறை கேஸ் எடுக்கும்போது எவ்வளவு கசிந்திருக்கிறது என்று கிராம் கணக்கிலேயே தெரியும்.