பெல்லோஸ் வைத்த மயக்க மெஷினும் காலைச் சோதனையும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஒரு சிறு ஆஸ்பத்திரியின் ஓ.டி.யில் (ஆபரேஷன் அறையில்) எம்.ஏ.வாக, அதாவது மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். ஆபரேஷனில் நோயாளிக்கு மயக்க மருந்தும் மூச்சும் கொடுக்கும் மெஷின்களில், பெல்லோஸ் (மூச்சைத் தள்ளும் துருத்தி) வைத்த பழைய ஒன்றோடு பல வருடப் பழக்கம். பக்கத்து அறையில் துருத்திக்குப் பதில் பிஸ்டன் வைத்த டிராகர் ஃபேபியஸ் மெஷினும் ஓடுகிறது. எங்கள் மேசைக்கு வருபவர்களில் பாதிப் பேர் தெரிந்த முகங்கள். குலை வெட்டப் போய் கால் முறிந்து வருபவர் பக்கத்துத் தோட்டத்து அண்ணனாக இருப்பார். காலைச் சோதனையை நான் அவசரப்படுத்த விடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

மெஷினைத் தொடும் முன் அம்பு பையும் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை), அதற்கென்று தனி ஆக்சிஜன் சிலிண்டரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மதிய இடிமழையில் கரண்ட் போனால் மெஷினின் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். அதற்கும் மேல் நம் கைதான்.

புதிதாக வந்த ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, மெஷினே தன்னைச் சோதிச்சு பாஸ்னு காட்டிடுச்சே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?"

"பாஸ் ஆனதுக்கு அப்புறம் ஹோஸ் மாத்துனியா தம்பி?"

மாற்றியிருந்தார். முதல் நோயாளிக்குப் புது ஹோஸும் ஃபில்டரும் போட்டால் பழைய பாஸ் செல்லாது, கசிவுச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். அதிக அழுத்தத்தை வெளியே விடும் ஏ.பி.எல். வால்வை மூடி, ஹோஸ் இரண்டும் நோயாளிப் பக்கம் சேரும் ஒய்-பீஸை அடைத்து, அழுத்தத்தை 30 செ.மீ. நீரளவுக்கு ஏற்றி 10 விநாடி பாருங்கள். முள் இறங்கக் கூடாது. மயக்க மருந்தை ஆவியாக்கும் வேபரைசரைத் திறந்து வைத்தும் இதையே ஒரு தடவை செய்யுங்கள். அது சரியாக உட்காராமல் கசிந்தால், மூடியிருக்கும்போது தெரியவே தெரியாது.

என்னை அதிகம் அலைக்கழித்தது, மூச்சின் அளவை அளக்கும் ஃபுளோ சென்சார். நம் ஊர் ஈரக்காற்றோடு நோயாளியின் மூச்சு ஈரமும் சேர்ந்து, சென்சாரிலிருந்து போகும் மெல்லிய குழாய்களில் துளித்துளியாகத் தண்ணீர் கட்டும். ஒரு மூச்சுக்கு 450 மி.லி. வைத்திருப்போம், திரையில் வேறு எண் வரும், அலாரம் அடிக்கும். உடனே செட்டிங்கைத் திருகாதீர்கள். குழாய்கள் மேல்நோக்கி இருக்கின்றனவா, உள்ளே துளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு கேஸுக்கு நடுவே ஹோஸில் தேங்கிய நீரை வடித்துவிட்டாலே பாதித் தொல்லை போய்விடும்.

பெல்லோஸைக் கீழே அழுத்தித் தள்ளுவதற்கே எங்கள் மெஷின் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. சுவர்க் குழாயில் வாயு நின்றுபோனால், மெஷினில் மாட்டியிருக்கும் நிரம்பிய சிறு ஈ-சைஸ் சிலிண்டரில் இருக்கும் சுமார் 680 லிட்டர் ஒன்றரை மணி நேரம்கூட நிற்காது. அப்போது வென்டிலேட்டரை நிறுத்திப் பையைக் கையால் அழுத்துவதே நல்லது. சிலிண்டரைத் திறந்து அளவு பார்த்தபின் மறக்காமல் மூடிவிடுங்கள். திறந்தே கிடந்தால், சுவர் அழுத்தம் குறைகிற நேரத்தில் சத்தமில்லாமல் காலியாகும்.

கடைசியில் இரண்டு பைச் சோதனை. பிரிட்டன், அயர்லாந்து மயக்க மருத்துவர் சங்கத்தின் 2012 வழிகாட்டியில் இருப்பது. ஒய்-பீஸில் இன்னொரு பையை மாட்டி, முதலில் இரண்டு பையையும் கையால் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும், பிறகு வென்டிலேட்டரில் ஓடவிட வேண்டும். அடைப்பு, கசிவு, வால்வு ஒட்டிக்கொள்வது எல்லாம் இதில் வெளிப்படும். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

ஃபேபியஸில் பிஸ்டன் உள்ளே மறைந்திருக்கிறது, வாயுச் செலவு குறைவு. அதில் பார்க்க வேண்டியது கைப்பையை. அது தளர்ந்து சுருங்கினால் மெஷினுக்குள் வரும் புது வாயு போதவில்லை என்று அர்த்தம். எனக்குப் பெல்லோஸ்தான் பிடித்திருக்கிறது. கசிவு இருந்தால் துருத்தி மாதிரி ஏறி வரும் அது முழுசாக மேலே எழும்பாது. அறையின் மறுமூலையில் நின்றாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் சோடா லைம், நோயாளி விடும் மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் குருணை. உறிஞ்சித் தீர்ந்து ஊதா நிறம் வந்த குருணை ராத்திரி முழுக்க ஓய்ந்து கிடந்தால் மறுபடி வெள்ளையாகத் தெரியும், அதனால் நிறத்தைக் கடைசி கேஸ் முடிந்த உடனே பாருங்கள். திங்கட்கிழமை வந்து பார்க்கும்போது ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருந்தால், குருணை காய்ந்திருக்கும். காய்ந்ததன் மேல் டெஸ்ஃபுளூரேன் என்ற மயக்க மருந்து போனால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அன்றைக்கு நிறத்தைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.